மாஸ்டருக்கு வாசிக்காமல் விட்டது

சரவணா கண்ணு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குண்டாவில் வடித்த சோற்றைத் தின்றுகொண்டு, உனக்கு நான் கடிதம் எழுதுகிறேன் என்றால் உன் பெரியம்மா சிரிப்பாள். சிரிக்கட்டும். நேரில் சொல்லத்தான் பார்த்தேன். இந்த மாதத்தில் மூன்று தடவை உன்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மூன்று தடவையும் வேறு ஏதோ கதை சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டேன். வாயைத் திறந்தால் எனக்கு உண்மைக்கு முன்னால் கதை வந்துவிடுகிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேனா பிடித்தால் ஒரு வரிக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். அதுதான் இப்போது நல்லதாகப் போயிற்று. அடுத்த வார்த்தை வருவதற்குள் இது நடந்ததா, நானாகச் சேர்த்ததா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ள முடிகிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் பேண்டு செட்டின் புது அறையைத் திறக்கிறார்கள். அன்றைக்கே மாஸ்டர் பிடிக்கிற கோலை உன் கையில் கொடுக்கப் போகிறார்கள். வாசலில் பதிக்கிற கருங்கல்லில் 'நிறுவனர்' என்று போட்டு உன் அப்பாருவின், அதாவது என் அப்பாவின், பெயரைச் செதுக்கியாகிவிட்டது. கண்ணு, உன் அப்பாரு இந்த செட்டை ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தவர் ஞானதாஸ் மாஸ்டர், நம் கடைசி வரிசையில் யூபோனியம் ஊதுகிறானே ஜெபா, அவனுடைய தாத்தா. 'நிறுவனர் பேரன்' என்று நான் எழுந்து பேசியதால்தான் எல்லோரும் உனக்குக் கை தூக்கினார்கள். இந்தக் கடிதத்தை நீ படித்து முடித்தால் அந்தக் கோல் உன் கையைவிட்டுப் போனாலும் போகும். அது தெரிந்துதான் எழுதுகிறேன். உன் அப்பன், என் தம்பி, உன்னை மூன்று வயதில் என்னிடம் விட்டுப் போன நாளிலிருந்து உனக்கு வந்ததை நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேனே தவிர, பிடுங்கியது கிடையாது. இதுதான் முதல் தடவை.

செட்டின் கதையை நீ என்னிடம் நூறு தடவை கேட்டிருப்பாய். அதில் நூறும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருந்திருக்கும். அப்பாரு ராணுவத்தில் டிரம்பெட் வாசித்தவர் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஈரோட்டைத் தாண்டியதே இரண்டு தடவைதான். நான் டிரம்பெட் ஊதினால் அவிநாசி ரோட்டில் பஸ் நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை நின்றது நிஜம். டயர் பஞ்சர். முதல் நாள் இருபது பேர் சேர்ந்தோம் என்று சொல்வேன். ஆறு பேர். மாஸ்டர், நான், உன் அப்பன், தெற்கேயிருந்து வந்த டெய்லர்கள் இரண்டு பேர், சாயப்பட்டறையில் வேலை பார்த்த ஒருவர். அவர் விரல்கள் எப்போதும் ஒரு நிறத்தில் இருக்கும். கிளாரினெட்டின் துளைகளைச் சுற்றிக்கூட நீலம் ஏறிப் போயிருந்தது.

மாஸ்டர் தென்மாவட்டத்துக்காரர். ஊரில் சர்ச் பேண்டில் வாசித்தவர், பிழைப்புக்கு இங்கே பனியன் கம்பெனிக்கு வந்தார். மண்ணரையில் லைன் வீட்டில் குடியிருந்தார். கோணிச்சாக்கில் சுற்றி ஒரு யூபோனியம் கொண்டு வந்திருந்தார். வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போய் ஊதுவார். அந்த வழியாக சைக்கிளில் வந்த உன் அப்பாரு நின்று கேட்டிருக்கிறார். ராயபுரத்தில் நம் நிட்டிங் ஷெட்டு அப்போது இருந்தது, நான்கு மெஷின். அப்பாரு சொன்னதை மாஸ்டர் அப்படியே எங்கள் பேச்சில் செய்து காட்டுவார்.

"ஏனுங்க, இப்படி வெயில்ல நின்னு ஊதறீங்களே, நம்ம ஷெட்டுக்கு வந்து ஊதுங்க. மெஷின் ஓடறப்ப நீங்க என்ன பண்ணுனாலும் ஒருத்தருக்கும் கேக்காதுங்க."

உன் அப்பாரு செய்தது அதுதான். இடம் கொடுத்தார், தினமும் சாயங்காலம் நூல் மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டார். அவ்வளவுதான் என்று எழுதக் கை வரவில்லை, ஏனென்றால் அது சின்னக் காரியம் இல்லை. ஆனால் ஆரம்பித்தது அவர் இல்லை. எங்களுக்கு உதடு குவிக்கச் சொல்லிக் கொடுத்தது, பழைய வாத்தியங்களைத் தேடிப் பிடித்து ஓட்டை அடைத்தது, கோயில் திருவிழாவோ கிறிஸ்துமஸ் பவனியோ எதற்கு யார் கூப்பிட்டாலும் போகலாம் என்று முடிவு செய்தது, எல்லாம் மாஸ்டர். தைப்பூசத்துக்கு நம் ஆட்கள் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தபோது தாராபுரம் வரைக்கும் முன்னால் ஊதிக்கொண்டு வந்தார். அடிவாரம் வரைக்கும் என்று எழுதி அடித்திருக்கிறேன், பார். தாராபுரம்தான்.

மெஷின் சத்தத்தில் பழகிய எங்களுக்கு ஒரு வினை வந்தது. அதை நீ கேட்டதில்லை, ஏனென்றால் அதில் நான் பெருமையடிக்க ஒன்றும் இல்லை. வாத்தியச் சத்தம் சரியாகக் கேட்காததால், மாஸ்டர் எங்களை மெஷினின் இரும்புச் சட்டத்தோடு முதுகு ஒட்டி நிற்க வைத்தார். அந்த அதிர்வில்தான் நாங்கள் தாளம் பிடித்தோம். இரண்டு வருஷம் கழித்து அப்பாரு பழைய மெஷின்களை விற்றுவிட்டு வேகமான மெஷின்கள் போட்டார். எங்களுக்கே தெரியாமல் எங்கள் தாளமும் வேகமாகிவிட்டது. கல்யாணத்தில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ராயபுரத்தில் ஒரு பெரியவர் இறந்து போனார். நாங்கள் சோகமான பாட்டைத்தான் எடுத்தோம். கால் எடுத்து வைத்தால் ஊர்வலம் ஓடுகிறது. பாடை தூக்கியவர்களுக்கு மூச்சு இரைக்கிறது. மருமகன்மார்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறார்கள். இறந்தவரின் மச்சினர் ஒருவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, மச்சானுக்கு ரயிலுக்கு ஏதாச்சும் நேரமாச்சுங்களா?"

அன்று எல்லோரும் சிரித்தோம். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் ஷெட்டுக்குள் விடாமல் எங்களை ரோட்டில் நிறுத்தினார்.

"ஏலே, மெஷினுக்கா வாசிக்கிய? ஒரு மனுசனைக் கடைசியாக் கூட்டிட்டுப் போறோம்லா. தூக்குதவன் கால் எப்படிப் போகுதோ அப்படி வாசி. அவன் நின்னா நீ நில்லு."

ராயபுரத்திலிருந்து மண்ணரை வரைக்கும் வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊதாமல் நடக்க வைத்தார். ஒரு வாரம். டீக்கடையில் எங்களை ஊமை பேண்டு என்றார்கள். அந்த வாரத்தில்தான் அவர் ஒரு வழக்கத்தையும் வைத்தார். செட்டில் வாசித்தவர் யார் இறந்தாலும், வீட்டு வாசலிலிருந்து குழி வரைக்கும் செட்டு முழுவதும் வாசித்துக்கொண்டு போகவேண்டும். வேறு எதை ஒத்துக்கொண்டிருந்தாலும் அதை விட்டுவிட்டு வரவேண்டும். "நம்ம ஆளு ஒருத்தனும் சத்தமில்லாமப் போவக் கூடாது" என்றார். சாயப்பட்டறைக்காரருக்குப் போனோம். உன் அப்பனுக்குப் போனோம். உனக்கு நினைவிருக்காது, என் தம்பிக்கு முன்னால் என்னால் ஊத முடியவில்லை, உதடு நிற்கவில்லை. மாஸ்டர் என் பாகத்தையும் சேர்த்து வாசித்தார். சைடு டிரம்முக்கு ஆள் இல்லை, அது என் தம்பி வாசித்தது. அந்த இடத்தில் அன்றைக்கு மாஸ்டர் வேறு யாரையும் நிறுத்தவில்லை.

இப்போது நான் செய்ததற்கு வருகிறேன். அப்பாரு இறந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு கம்பெனி ஆண்டு விழாவில் வாசித்து முடித்ததும் முதலாளி மேடைக்குக் கூப்பிட்டு, யார் இதை ஆரம்பித்தது என்று கேட்டார். மைக் என் கையில் இருந்தது. "எங்க அப்பாதானுங்க" என்றேன். கை தட்டினார்கள். எனக்கு உடனே முதுகு சுட்டது, மாஸ்டர் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. வேனில் வரும்போது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். வடையில் உப்பு இல்லை என்று சொன்னார். மறுநாளும் சரியான நேரத்துக்கு வந்து சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது தடவை சொன்னபோது எனக்கு முதுகு சுடவில்லை. பிறகு அப்பாரு பெயர் போட்டுக் கார்டு அடித்தேன். பிறகு பெரிய டிரம்மின் தோலில் செட்டுப் பெயருக்குக் கீழே அப்பாரு பெயரை எழுத வைத்தேன். மாஸ்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எழுத்து கோணலாட்டு இருக்கு" என்றார். உனக்கு ஒன்று சொல்கிறேன், இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. உன்னை யாராவது மேடையில் புகழும்போது புகழ்கிறவரைப் பார்க்காதே, பக்கத்தில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார். நான் அன்றைக்குத் திரும்பிப் பார்த்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

மாஸ்டர் கடைசி இரண்டு வருஷம் மூச்சு முட்டலில் கிடந்தார். இத்தனை வருஷம் தின்ற பஞ்சுத் தூசு. ஒரு நாள் காலையில் அவர் மகள் எஸ்தர் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, அப்பா போயிட்டாவ. சாயங்காலம் எடுக்கோம். செட்டைக் கூட்டிட்டு வந்துருங்க."

"வந்தர்றம்மா" என்று சொன்னேன். சத்தியமாக வரத்தான் நினைத்தேன். அன்றைக்கு நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு புது பனியன் யூனிட் திறப்புக்கு வாசிக்க ஒத்துக்கொண்டிருந்தோம். வரமுடியாது என்று அங்கே சொல்லப் போன் எடுத்தேன். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அவர்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், அடக்கத்துக்கு முன்னால் எல்லோர் முன்னிலையிலும் இறந்தவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார்கள். எங்கே பிறந்தார், எங்கே வேலை பார்த்தார், என்னென்ன செய்தார் என்று ஒன்றுவிடாமல் வரும். இந்த செட்டை ஆரம்பித்தார் என்று வரும். செட்டு முழுக்க யூனிபார்மில் நிற்கும், நான் முன்னால் நிற்பேன், பக்கத்தில் அப்பாரு பெயர் எழுதிய டிரம் நிற்கும். பாதி பேர் பின்னால் வந்து சேர்ந்தவர்கள், என் வாயிலிருந்து கேட்டதைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. போனைக் கீழே வைத்துவிட்டேன். எல்லோரும் வந்து சேர்ந்ததும், மாஸ்டர் இறந்துவிட்டார், காலையிலேயே ஆம்புலன்ஸில் சொந்த ஊருக்குக் கொண்டு போய்விட்டார்களாம் என்று சொன்னேன்.

"நமக்குச் சொல்லாமயேங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"அவசரமுங்க" என்றேன்.

அதோடு விட்டேனா? நெருப்பெரிச்சலில் அந்தக் கம்பெனி வாசலில் எல்லோரையும் நிறுத்தி, மாஸ்டரைப் பற்றிப் பேசினேன். ரொம்ப நன்றாகப் பேசினேன். கடைசியாக அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு செட்டை ஒப்படைத்தார் என்று பேசினேன். நிறையப் பேர் அழுதார்கள். நானும் அழுதேன், அந்த அழுகை பொய் இல்லை. பிறகு ரிப்பன் வெட்டினார்கள், நாங்கள் குத்துப்பாட்டு வாசித்தோம். அந்த நேரத்தில் மண்ணரையில் மாஸ்டரைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மாஸ்டரை மண்ணரையிலேயே அடக்கம் செய்த விஷயம் ஒரு வாரத்தில் ஆட்களுக்குத் தெரிந்தது. மாஸ்டர் வீட்டில்தான் என்னிடம் அப்படிச் சொன்னார்கள், பிறகு மனசை மாற்றியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். நம்பினார்கள். எஸ்தர் மேல்தான் எல்லோருக்கும் வருத்தம். அவள் ஒரு வார்த்தை கேட்டு வரவில்லை. பல வருஷம் கழித்து ஜெபா வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, தாத்தாவின் யூபோனியத்தோடு வந்து சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டான். கடைசி வரிசையில் நிற்க வைத்தேன். நீயும் அவனும் தோளில் கை போட்டுக்கொண்டு திரிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. சரி, அது கொஞ்சம் கூட்டியது. சோறு இறங்கியது. ஆனால் பார்க்காமல் திரும்பிக்கொள்வேன். உன்னைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கு முதலில் கை தட்டியவன் அவன்தான். அவனுக்குத் தெரியுமா, தெரியாதா என்று அவன் முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

போன வாரம் கல்லில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கக் கடைக்குப் போனேன். டிரம்மில் எழுதியது தோல் கிழிந்தால் போய்விடும். அவன் செதுக்கி வைத்திருக்கிற ஆழத்தைப் பார்த்தேன். விரலை வைத்தால் நகம் மறைகிறது. நான் செத்து, நீயும் கிழவனாகி, அதற்குப் பிறகும் அது இருக்கும். அங்கிருந்து வீட்டுக்கு வராமல் நேராக மண்ணரைக்குப் போனேன்.

எஸ்தர் வாசலில் உட்கார்ந்து பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள். காபி வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் கத்தரியை நிறுத்தவில்லை. பிறகு நிறுத்தினாள்.

"நீங்க வரலன்னு தெரியும். ஏன்னுதான் தெரியாது" என்றாள். "பாஸ்டர் எடுக்கலாமான்னு கேக்காரு. வந்துருவாவ, அண்ணன் சொல்லியிருக்காவன்னு நான் சொல்லுதேன். இருட்டப் போகுதுன்னு சொல்லிட்டுத்தான் எடுத்தாங்க. அதுக்கப்புறம் இத்தனை வருசமா, அன்னைக்குப் போன்ல நான் மரியாதை இல்லாம ஏதாச்சும் பேசிட்டனோன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்ணே. கூட்டிட்டு வந்துருங்கன்னு உத்தரவு போடுத மாதிரி சொல்லிட்டனோன்னு."

 

அவள் எழுந்து உள்ளே போய், பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளைக் கொண்டு வந்தாள். நான் பயந்த அந்த வாழ்க்கைக் குறிப்பு. மாஸ்டரே படுக்கையில் இருந்தபடி சொல்லச் சொல்ல எஸ்தர் எழுதியது. பிறந்த ஊர், கல்யாணம், வேலை பார்த்த கம்பெனிகள் எல்லாம் இருந்தது. செட்டைப் பற்றி இரண்டே வரி. 'ராயபுரம் அண்ணாச்சி அவர்கள் தமது ஷெட்டில் இடம் கொடுத்து ஒரு பேண்டு செட்டை உண்டாக்கினார்கள். அதில் கடைசிவரை வாசிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.'

இதைத்தான் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் வாசித்திருப்பார்கள். நான் போய் நின்றிருந்தால் என் பொய்க்கு அவரே சாட்சி சொல்லியிருப்பார். அவர் எனக்காக அப்படி எழுதினாரா, நிஜமாகவே அப்பாரு உண்டாக்கியதாக நினைத்தாரா என்று எஸ்தரிடம் கேட்டேன். "தெரியலண்ணே. அந்த வரியை மட்டும் ரெண்டு வாட்டி மாத்திச் சொன்னாவ" என்றாள். வாழ்க்கை முழுக்க ஒரு சொல் கூட்டிப் பேசாத மனுஷன், ஒரே ஒரு இடத்தில் கூட்டியிருக்கிறார். அது நமக்காக.

கல்லை மாற்றுகிறேன், மாஸ்டர் பெயரைப் போடுகிறேன் என்று சொன்னேன். எஸ்தர் கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

"கல்லு உங்க இஷ்டம். அப்பாவுக்கு வாசிக்கணும்ணே. இங்கயிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும். மெதுவா."

அவ்வளவுதான் கேட்டாள், கண்ணு. கல்லைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் செதுக்கச் சொல்லிக் கூடுதல் கூலியும் பேசியாகிவிட்டது. முதலில் ஞானதாஸ் மாஸ்டர் பெயர் வரும். கீழே சின்ன எழுத்தில், இடம் கொடுத்தவர் என்று உன் அப்பாரு பெயர் வரும். அது நம் குடும்பத்துக்குக் குறைச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை திறப்புக்கு ஆட்கள் வந்து காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும். முதலில் செட்டை மண்ணரைக்குக் கூட்டிக்கொண்டு போ. போவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டு, பிறகு அறைச் சுவரில் ஒட்டிவிடு. செட்டில் சேர்ந்திருக்கிற ஒடிசாப் பையன்களுக்கு யாராவது இந்தியில் சொல்லட்டும். ஜெபாவுக்கு மட்டும் முன்னாடியே தனியாகப் படிக்கக் கொடு. அவன் உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றால் அதையும் வாங்கிக்கொள், எனக்காகப் பரிந்து பேசாதே.

கோல் யார் கையில் இருக்க வேண்டும் என்பதை வாசித்து முடித்துத் திரும்பி வந்த பிறகு நீங்களே பேசிக்கொள்ளுங்கள். உனக்கு வாசிப்பு இருக்கிறது, ஆட்களை அணைத்துப் போகிற குணம் இருக்கிறது. பேரன் என்பதை எடுத்துவிட்டாலும் அது உன்னிடம் மிச்சம் இருக்கும். அவனிடமும் இருக்கிறது. எனக்கு முன்பல் போன பிறகு டிரம்பெட் நிற்பதில்லை, அதனால் நான் வாத்தியம் இல்லாமல் எஸ்தருக்குப் பின்னால் நடந்து வருவேன். குழிமேட்டில் யாராவது, பெரியவர் நீங்கள் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று என்னைக் கூப்பிடுவார்கள். விடாதே. நான் நன்றாகப் பேசிவிடுவேன்.

உன் பெரியப்பன்